ஊராட்சியும் ஊர்ச் சுகாதாரமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் கிராம சபைக்கு முன்னும் பின்னும், மகளிர் குழுக் கூட்டங்களிலும் டீக்கடையிலும் வருகிற சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சுகாதாரம்னா அது ஆஸ்பத்திரிக்காரங்க வேலைதானே? பஞ்சாயத்துக்கு அதுல என்ன இருக்கு?

மருத்துவர், செவிலியர், மருந்து மாத்திரை ஆகியவை மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பு. குடிநீர், சாக்கடை, குப்பை, பொதுக் கழிப்பறை, சுடுகாடு ஆகியவை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் குழாய்த் தண்ணீரில் வருகின்றன, டெங்குக் கொசு வீட்டுத் தொட்டியில் வளர்கிறது. நோய் வந்த பிறகு பார்ப்பது துறை என்றால், வராமல் தடுப்பதில் பெரும் பங்கு ஊராட்சியிடம் இருக்கிறது.

இந்தப் பிரிவினை தெரியாததால்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. சாக்கடை பற்றி மருத்துவரிடமும், நர்ஸ் வராதது பற்றித் தலைவரிடமும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கிறோம். இருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சப்-சென்டர், பி.எச்.சி., நர்சம்மா, ஹெல்த் இன்ஸ்பெக்டர்னு சொல்றாங்க. யாரை எதுக்குப் பார்க்கணும்?

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், ஊர் வழக்கில் நர்சம்மா. கர்ப்பிணிப் பதிவும் தடுப்பூசியும் அவரிடம். சுமார் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மருத்துவரும் ஆய்வகமும் அங்கேதான்.

காய்ச்சல் பரவல், கொசு, குடிநீரில் குளோரின் ஆகியவற்றைக் கண்காணிப்பவர் சுகாதார ஆய்வாளர். ஒன்றியம் முழுமைக்கும் மேலே வட்டார மருத்துவ அலுவலர், மாவட்டத்தில் மாவட்ட சுகாதார அலுவலர். ஒரு தெருவில் ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் காய்ச்சல் என்றால் கிராம சபைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே நர்சம்மாவிடமோ ஆய்வாளரிடமோ சொல்ல வேண்டும். இருவரும் கிடைக்காவிட்டால் 104-ஐ அழைக்கலாம்.

ஊர்த் திட்டம்னு ஒண்ணு வருஷா வருஷம் போடுறாங்களாமே, அதை யார் எழுதுறது? எப்போ?

அது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டி அதற்கான வேலை தொடங்கும். அடுத்த நிதியாண்டில் என்னென்ன பணி, எந்தப் பணத்தில் என்று முடிவு செய்து, அரசின் இணையதளத்தில் ஏற்றுவார்கள். எழுதுவது ஊராட்சி செயலர், ஒப்புதல் தருவது கிராம சபை. திட்டத்துக்கான ஒன்பது கருப்பொருள்களில் ‘நலமான ஊர்’ என்பதும் ஒன்று. பல ஊர்களில் அந்தப் பக்கம் ‘மருத்துவ முகாம் நடத்துதல்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. யாரும் வேறு எதையும் எழுதித் தராததுதான் காரணம்.

செப்டம்பருக்குள் உங்கள் கணக்கெடுப்பு முடிந்திருந்தால்தான் அக்டோபரில் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கும். ஜனவரி 26 அன்று எழுந்து கேட்பவருக்கு ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்ற பதில் வந்தால், அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

கணக்கெடுப்புன்னா பெரிய வேலையாச்சே. எங்க ஊர்ல 300 வீடு இருக்கு, எப்படி முடியும்?

இருவர் சேர்ந்த ஒரு குழு மாலை 4 முதல் 7 மணிக்குள் சுமார் 15 வீடு பார்க்கலாம். ஐந்து குழு இருந்தால் நான்கே மாலையில் 300 வீடும் முடியும். பகலில் போனால் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்களின் வீடுகள் விடுபடும். அவைதான் முக்கியமாகத் தெரிய வேண்டிய வீடுகள். குழுவில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். கழிப்பறை, பிரசவம் பற்றி ஆணிடம் சரியான பதில் வராது.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. குடிநீர் எங்கிருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை. கழிப்பறை இருக்கிறதா, அதைப் பயன்படுத்துகிறார்களா. கழிவுநீர் எங்கே போகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள் எத்தனை பேர். படுக்கையில் இருப்பவர் உண்டா. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது எப்படிப் போனார்கள், எவ்வளவு செலவு. இவ்வளவு போதும்.

முடிந்ததும் அங்கன்வாடி வாசலிலோ கோயில் திடலிலோ கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுங்கள். தெரு, தொட்டி, குழாய், சாக்கடை, தண்ணீர் தேங்கும் இடம் எல்லாம் அதில் வரட்டும். தாளில் தெரியாதது தரையில் தெரியும். காய்ச்சல் வந்த வீடுகளுக்கு ஒவ்வொரு கல் வைத்துப் பார்த்தால், அவை ஒரே குழாய்த் தடத்தில் வரிசையாக நிற்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் காட்டிவிடுவார். வரைபடத்தை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

யார் யாருக்கு என்ன வியாதின்னு பேர் போட்டு எழுதிக்கலாமா?

கூடாது. ஊர்க் கணக்கில் எண்ணிக்கை மட்டும் போதும்: ‘வடக்குத் தெருவில் சர்க்கரை நோயாளிகள் 14 பேர்’. காசநோய், மனநலம், எச்.ஐ.வி. பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிகிச்சை தேவைப்படுபவர் தெரியவந்தால், அவர் சம்மதத்தோடு நர்சம்மாவிடம் நேரில் சொல்லிவிடுவதே சரி. நிரப்பிய தாள்களை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். அடுத்த வருடம் கதவைத் திறப்பார்களா என்பது இதில்தான் இருக்கிறது.

கிராம சபையில கத்திக் கத்திப் பார்த்தாச்சு. தீர்மானமும் போட்டாங்க. ஒண்ணும் நடக்கலையே?

தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஊரில் சுகாதாரத்தை மேம்படுத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இருக்கும். இதை யாரும் நிறைவேற்றவும் முடியாது, நிறைவேற்றவில்லை என்று சொல்லவும் முடியாது.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: ‘மேலத்தெரு கிழக்கு முனையில் உள்ள கேட் வால்வுப் பள்ளத்தில் சாக்கடை நீர் தேங்கி நிற்கிறது. வால்வை மாற்றி, பள்ளத்தை மூடியுடன் கூடிய சிமென்ட் தொட்டியாகக் கட்டும் பணியை, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து, மார்ச் 31-க்குள் முடிக்கத் தீர்மானிக்கப்படுகிறது.’ எது, எங்கே, எந்தப் பணம், எப்போதுக்குள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. துறை செய்ய வேண்டிய வேலையானால், ‘வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுக்கொள்கிறது’ என்று பதவியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘அரசு’ என்றால் கடிதம் யாருக்கும் போகாது.

பணத்தின் பெயரை எழுதுவது ஏன் முக்கியம் என்றால், 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்தில் ஊராட்சிக்குத் தந்த மானியத்தில் 60% குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே. மீதி 40%-ஐ மற்ற ஊர்த் தேவைகளுக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குக் கூடாது. ‘நிதி இல்லை’ என்று சொன்னால், எந்தத் தலைப்பில் இல்லை என்று கேளுங்கள். கூட்டம் முடியும் முன் தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது.

போன தடவை கோரம் இல்லைன்னு கலைச்சுட்டாங்க. எத்தனை பேர் வரணும்?

கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்களின் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர். 501 முதல் 3,000 வரை 100. 3,001 முதல் 10,000 வரை 200. அதற்கு மேல் 300. வருகிறவர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்வையிட ‘பற்றாளர்’ என்று ஓர் அலுவலர் வருவார். தீர்மானம் விடுபட்டால் அங்கேயே அவரிடம் எழுத்தில் கொடுத்துவிடலாம்.

கூட்ட நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும் என்பதால் அறிவிப்பைப் பாருங்கள். நூறு நாள் வேலைத் தளத்தில் முந்தைய நாள் சொல்லிவைத்தால் கோரம் ஒரு பிரச்சினையே இல்லை.

எங்களுக்குத் தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். இதெல்லாம் நடக்குமா?

கிராம சபை நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. ஒரு தனி அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்ப்பதால், ஊரில் தினமும் இருக்கிற ஊராட்சி செயலரிடம்தான் வேலை நகரும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதபோது நிதிக்குழு மானியம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் பெரிய கட்டுமானத்தை விட்டுவிட்டு, ஊராட்சியின் சொந்த நிதியில் முடிகிற குளோரின், வால்வு, குப்பை போன்றவற்றைப் பிடியுங்கள்.

ஊர்ச் சுகாதாரக் கமிட்டிக்கு வருஷம் பத்தாயிரம் வருதாமே? அது எங்க போகுது?

கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்பது அதன் பெயர். தலைவர் ஊராட்சித் தலைவர். அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் குழுவினரும் உறுப்பினர்கள். தேசிய வழிகாட்டுதல்படி குறைந்தது 15 பேர், பாதிப் பேர் பெண்கள், மாதம் ஒரு கூட்டம். பிற மாநிலங்களில் ஆஷா பணியாளர் செய்யும் செயலர் வேலையைத் தமிழ்நாட்டில் நர்சம்மா பார்க்கிறார். ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி, அதாவது இன்ன செலவுக்கு மட்டும் என்று கட்டிவைக்காத பணம். தலைவர், நர்சம்மா இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும்.

நடப்பில் பல ஊர்களில் தன்னைக் குழு உறுப்பினராகப் போட்டிருப்பதே அந்த உறுப்பினருக்குத் தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாகப் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் வாங்கிக் கணக்கை முடிப்பார்கள். சிறிய தொகைதான், ஆனால் கட்டற்றது. ஊராட்சி நிதியில் வாங்க இழுத்தடிக்கிற சில்லறைச் சாமான்களுக்கு அது கச்சிதம். குளோரின் சோதனைப் பெட்டி, துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு டிஜிட்டல் பி.பி. கருவி, வண்டிக்கு வழியில்லாத கர்ப்பிணியின் அவசர வாடகை என்று குழு கூடி முடிவெடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதிச் செலவிடலாம்.

தொட்டியில பவுடர் போடுறோம்னு ஆபரேட்டர் சொல்றார். ஆனா தெருவுல பேதி வருது. எவ்வளவு போடணும்?

நல்ல பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 33%. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்க, 1,000 லிட்டருக்கு 6 கிராம் பவுடர் வேண்டும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 180 கிராம். மூட்டையைத் திறந்தபடி தொட்டிக்கு அடியிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் குளோரின் பறந்துவிடும். 20%-க்கு இறங்கிய பவுடரானால் அதே தொட்டிக்கு 300 கிராம் தேவை. கட்டிதட்டி, வாசனை குறைந்த பவுடரை எவ்வளவு கொட்டியும் பிரயோஜனமில்லை. 25 கிலோ மூட்டை வாங்கினால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் மாற்றி, நிழலில் வையுங்கள்.

பவுடரை நேரே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால்தான் நன்றாகக் கலக்கும். அடியில் தங்கும் சுண்ணாம்பு குழாயை அடைக்கும். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். ஆபரேட்டர் காலை ஐந்து மணிக்கு ஊற்றிவிட்டு ஐந்தே காலுக்குத் திறந்தால் கிருமி சாக நேரமே இருக்காது.

பார்க்க வேண்டிய இடம் தொட்டியல்ல, கடைசிக் குழாய். சோதனைக் குழலில் தண்ணீர் பிடித்து, பெட்டியில் உள்ள மருந்தைச் சொன்ன அளவு சொட்டுவிட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், மஞ்சள் காமாலை போன்ற பரவல் பயம் இருந்தால் 0.5. தொட்டியில் நல்ல மஞ்சள், கடைசியில் நிறமே இல்லை என்றால் நடுவில் எங்கோ கசடு உள்ளே வருகிறது. முதல் சந்தேகம் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் மேல்: அந்த உறிஞ்சலில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, கசிவுள்ள இணைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்து, பள்ளத்தில் மூழ்கிய வால்வு. பவுடரைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

டெங்கு வந்தா புகை அடிக்கச் சொல்றோம், லேட்டா வர்றாங்க. அதுக்கு என்ன செய்யலாம்?

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். எனவே வாரம் ஒருநாள் எல்லா வீட்டிலும் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜ் பின்தட்டு, ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைக் காலிசெய்தால் சங்கிலி அறுந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பக்கச் சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும்.

அளவு பார்க்க எளிய வழி உண்டு: பார்த்த வீடுகளில் எத்தனையில் புழு இருந்தது என்ற சதவீதம். 100 வீட்டில் 12 என்றால் 12. இதை 5-க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். வாராவாரம் தெருவாரியாக அந்த எண்ணை ஊராட்சிப் பலகையில் எழுதினால் போதும், யாரும் சண்டை போடாமலேயே தெருக்களுக்குள் போட்டி வந்துவிடும். வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருதே, அதுல ஊர் செய்ய என்ன இருக்கு?

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை தருவார். படுக்கையில் இருப்பவருக்கு, வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருவார்கள். கணக்கெடுப்பில் தெரிந்த படுக்கை நோயாளிகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று நர்சம்மாவிடம் சரிபார்ப்பதே ஊர் செய்ய வேண்டிய முதல் வேலை. மகன் வீடு, மகள் வீடு என்று மாறி மாறி இருக்கும் முதியவர்கள் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் விடுபடுவார்கள்.

இரண்டாவது, எத்தனை பேருக்கு மாத்திரை போகிறது என்பதோடு நிற்காமல், எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். மாத்திரை டப்பாவில் சேர்ந்துகொண்டே போகிற வீடுகள் உண்டு. ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்தியிருப்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி இலவச கேம்ப் போடுறேங்குது. இடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நிபந்தனையோடு. முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிவித்து, யாரை எதற்காக மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்ற பட்டியலை நர்சம்மாவுக்கும் தரச் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்குத் தங்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே வர வேண்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். முகாமில் புதிதாகக் கண்டுபிடித்த சர்க்கரை நோயாளிக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதில் எந்தப் பயனும் இல்லை. ஆறாம் நாள் அவர் எங்கே போவார் என்பதற்குப் பதில் உள்ள முகாமே முகாம்.

எங்க ஊர்ல காசநோயே இல்லை. ‘காசநோய் இல்லா ஊராட்சி’ சான்று வாங்கலாமா?

‘இல்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: நோய் இல்லை, அல்லது யாரும் பரிசோதிக்கவில்லை. அதனால்தான் ஆயிரம் பேருக்கு ஆண்டில் குறைந்தது 30 பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும், நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று அளவுகோலில் வைத்திருக்கிறார்கள். சிகிச்சை வெற்றி விகிதம் போன்ற மற்ற அளவுகளும் உண்டு. 2,000 பேர் உள்ள ஊரில் 60 பரிசோதனை, அதிகபட்சம் 2 நோயாளிகள். சான்றுக்காக நோயாளியை மறைப்பதோ, பக்கத்து ஊர் முகவரி கொடுக்கச் சொல்வதோ அவர் வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

சப்-சென்டர் வாடகைக் கட்டடத்துல இருக்கு. புதுக் கட்டடம் கேட்கிறோம், வருஷக்கணக்கா இழுக்குதே?

பெரும்பாலும் இழுப்பது நிலம். ‘ஊர் ஓரத்துல புறம்போக்கு இருக்கு’ என்று சொன்னால் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, அது என்ன வகை என்று பாருங்கள். குளம், ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். நீர்நிலையில் கட்ட நீதிமன்றங்கள் அனுமதிப்பதில்லை. மேய்க்கால் என்றாலும் சிக்கல். நத்தமோ (குடியிருப்புக்கான நிலம்), வில்லங்கமில்லாத தான நிலமோ எளிது.

புல வரைபடம், அடங்கல் நகல், கிராம சபைத் தீர்மானம் மூன்றையும் இணைத்து வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத, கர்ப்பிணி நடந்து வரக்கூடிய, எல்லாத் தெருவினரும் தயங்காமல் வரக்கூடிய இடமா என்பதையும் பாருங்கள். கடைசியில் சொன்னது எந்தப் படிவத்திலும் இருக்காது. ஆனால் ஒரு சாதித் தெருவின் உள்ளே கட்டிய நிலையத்துக்கு மறு தெருக்காரர் வருவது குறையும். மதில், தண்ணீர்த் தொட்டி போன்ற துணை வேலைகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்போடு கேட்கலாம்.

கேரளாவுல பஞ்சாயத்தே ஆஸ்பத்திரியை நடத்துதாமே. நம்மளால டாக்டர் போட முடியாதா?

முடியாது. கேரளம் 1990-களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் திட்ட நிதியில் பெரும் பங்கையும் கொடுத்தது. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2008-இல் தனிக் கொள்கை வந்த பிறகு, ஊராட்சிகளே செவிலியரை அமர்த்தி வீடு வீடாக அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் மருத்துவர் தேர்வு, மருந்துக் கொள்முதல் எல்லாம் மாநில அளவில் நடக்கின்றன. மருந்து தட்டுப்பாடில்லாமல் வருவதற்கு அந்த மைய ஏற்பாடு ஒரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, படுக்கை நோயாளிக்காக ஊர் இளைஞர்கள் முறைவைத்து வாரம் ஒரு மணி நேரம் தருகிற பழக்கம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

நாங்க டவுன்ல, நகராட்சி எல்லையில இருக்கோம். எங்களுக்குக் கிராம சபை இல்லையே?

பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1-இல் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தோடு அது தொடங்கியது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழ் பகுதி சபா. சுமார் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் கீழே மாலையிலும் திறந்திருக்கும் நலவாழ்வு மையங்கள். தீர்மானம் எழுதும் முறை மேலே சொன்னதேதான்.

எல்லாம் சரியா எழுதிக் கொடுத்தோம். ஆறு மாசம் ஆச்சு, பதிலே இல்லை. அடுத்து?

முதலில் அடுத்த கிராம சபையில், முந்தைய தீர்மானங்களின் நிலையை வாசிக்கச் சொல்லுங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதலாம்.

‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதி தீர்மானம் எந்த அலுவலகத்துக்கு எந்த எண்ணிட்ட கடிதமாக அனுப்பப்பட்டது, அதன் நகல், கடந்த மூன்று மாதக் குளோரின் சோதனைப் பதிவேட்டின் நகல், சுகாதாரக் குழுவின் கடந்த ஆண்டு வரவு செலவுப் பக்கம். கடிதம் அனுப்பப்படவே இல்லை என்ற பதில்தான் அடிக்கடி வரும். அப்படி வந்தால் தீர்மான நகலையும் அந்தப் பதிலையும் சேர்த்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாளில் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் விளக்கம் கேட்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.